கோழியைத் தூக்கியது யார்? அழகர்மலை அடிவாரத்தில் பிள்ளைகள் நடத்திய ஒரு விசாரணை

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலைக்கு மேற்கே, அழகர்மலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், பொங்கல் முடிந்த கையோடு கோழிகள் காணாமல் போகத் தொடங்கின. எல்லாமே இரவில். விடிந்து பார்த்தால் முற்றத்தில் நாலைந்து இறகு கிடக்கும், சில நாள் அதுவும் இருக்காது. ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "நரிதேன், வேறென்ன" என்றார்கள். மாசி சிவராத்திரிக்குக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலையும் பறிகொடுத்த ஓர் அப்பத்தா, கருவாட்டில் குருணை மருந்தைத் தடவிக் கண்மாய்க்கரையில் வைப்பது என்று முடிவு கட்டிவிட்டார்.

குருணை மருந்து வயலில் பூச்சிக்குப் போடுவது. அதைத் தீனியில் வைத்தால் நரி மட்டும் பார்த்துச் சாகாது. முதலில் வாய் வைக்கும் நாய், காகம், கீரி, செத்ததைக் கொத்த வரும் பருந்து என்று வரிசையாக விழும். மதுரைப் பக்கத்தில் நெல்லில் மருந்து கலந்து மயில்களைக் கொன்ற செய்தி அவ்வப்போது வருவதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். ஆனால் சேவலைப் பறிகொடுத்தவரிடம் சட்டம் பேசிப் பயன் இல்லை.

இந்த ஊரில் மாலை வகுப்பு எடுப்பவள் நான். நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க்கரையில் நடப்போம், பறவை பார்ப்போம். உண்மையைச் சொன்னால் அந்த நடை கொஞ்சம் சோர்ந்துதான் கிடந்தது. நான் பெயர் சொல்வேன், அவர்கள் எழுதிக்கொள்வார்கள், அடுத்த வாரம் மறந்திருப்பார்கள். பெயர்ப்பட்டியல் கொடுத்துப் பார்க்கச் சொல்வது பிள்ளைகளுக்கு இன்னொரு வீட்டுப்பாடம், அவ்வளவுதான். மருந்து வைக்கும் செய்தியைக் கொண்டுவந்தது அப்பத்தாவின் பேத்தி. "அக்கா, நரிதான்னு யாரு பார்த்தா?" என்று கேட்டதும் அவள்தான். நாங்கள் நாலு பேர் போய்ப் பேசினோம். சிவராத்திரி வரைக்கும் பொறுப்பது, அதற்குள் யார் என்று காட்டாவிட்டால் மருந்துதான் என்று அப்பத்தா வாய்தா கொடுத்தார்.

சந்தேகப் பட்டியல்

பிள்ளைகள் கரும்பலகையில் எழுதிய பட்டியல் நீளமானது. நரி, கீரி, மரநாய், காட்டுப்பூனை, வீட்டுப்பூனை, தெருநாய், பருந்து, வல்லூறு, ஆந்தை, சாரைப்பாம்பு, மலைப்பாம்பு, உடும்பு. கடைசியில் ஓர் ஆறாம் வகுப்புப் பையன் "கோழி திருடன்" என்று சேர்த்தான். சிரித்தார்கள், ஆனால் அழிக்கவில்லை. அது சரிதான்.

பலகையில் பாதியை வெளியே போகாமலே அடிக்க முடிந்தது. கோழிகள் போவது இரவில். கீரி பகலில் திரியும் விலங்கு, பொழுது சாய்ந்தால் வளைக்குள் போய்விடும். வல்லூறும் பருந்தும் அப்படியே. குஞ்சுகளைத் தூக்குவதில் வல்லூறுக்கு இணையில்லை, ஆனால் இரவில் அதற்கு வேலை இல்லை. உடும்புக்கும் சாரைக்கும் வெயில் வேண்டும், தை மாதப் பனியில் ராத்திரி நேரம் அவை நடமாடா. மலைப்பாம்பு அழகர்மலைப் பக்கம் உண்டு, இரவில் வரும், ஆனால் முழுசாக விழுங்கும். இறகு பிய்த்துப் போடாது. கேள்வி வைத்து ஒவ்வொன்றாகக் கழிப்பது பிள்ளைகளுக்கு இவ்வளவு பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'எப்போது விழித்திருக்கும், என்ன சாப்பிடும், எப்படிச் சாப்பிடும்' என்ற மூன்று கேள்விகளையும் அதன்பின் எந்த விலங்கைப் பார்த்தாலும் அவர்களாகவே கேட்டார்கள்.

மிச்சம் நின்றவை நரி, நாய், மரநாய், இரண்டு பூனைகள், ஆந்தை, திருடன்.

சுவடு பிடித்த விதம்

இரவில் விழித்திருந்து பார்க்க வீட்டில் விடமாட்டார்கள், நானும் விடமாட்டேன். அதனால் தரையை எழுத வைப்பது என்று முடிவு செய்தோம். முதலில் கோலமாவு. அரிசிமாவை எறும்பு தூக்கிப் போனது, கல்மாவு காற்றில் பறந்தது. கடைசியில் கண்மாய் வண்டலைக் காயவைத்துச் சல்லடையில் சலித்து, அரை விரல் கனத்துக்குப் பரப்பி, பலகையால் நீவி, லேசாகத் தண்ணீர் தெளித்ததும் அச்சு அச்சாக விழுந்தது. கோழி அடையும் வீடுகளைச் சுற்றி, விலங்கு நுழையக்கூடிய சந்துகளில் இப்படிப் படுகை போட்டோம். பொழுது சாயும்போது நீவிவிடுவது, விடிந்ததும் ஆள் மிதிக்குமுன் பார்ப்பது.

அதற்குமுன் செய்த ஒரு வேலைதான் மொத்த ஆய்வையும் காப்பாற்றியது என்பேன். தெரிந்த விலங்குகளைப் படுகைமேல் நடக்கவிட்டுச் சுவடு எடுத்தோம். தெருநாய்கள் பிஸ்கட்டுக்கு வந்தன. ஆடு இழுத்தால் வந்தது. கோழி தானாக வந்தது. டீக்கடைப் பூனையை நடக்க வைக்கத்தான் பெரிய பாடு. ஒவ்வொன்றையும் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் வரைந்தார்கள். கைப்பேசியில் எடுத்த படமும் உண்டு, ஆனால் வரைந்தபோதுதான் கவனித்தார்கள். நாய்ச் சுவட்டில் நகம் பதியும். பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் பதியாது. நாயுடையது நீள்வட்டம், பூனையுடையது ஏறக்குறைய வட்டம். பூனையின் உள்ளங்கால் மெத்தைக்குப் பின் ஓரம் மூன்று மடிப்பாக இருக்கும். இவற்றை எந்தப் படத்தையும் பார்த்து நான் சொல்லவில்லை. டீக்கடைப் பூனை சொன்னது.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் சுவட்டுப் படங்களை ஏற்றிப் பார்த்தோம். பறவைக்கும் செடிக்கும் அது நன்றாக உதவும், எங்கள் கண்மாயின் பாதிச் செடிக்குப் பெயர் தந்ததே அதுதான். மண்ணில் விழுந்த கால்தடத்துக்கு அவ்வளவாக நம்ப முடியாது. அளவு தெரியாத படத்தை வைத்துக்கொண்டு அதுவும் என்ன செய்யும்? பிள்ளைகளுக்கு இதில் சின்ன மகிழ்ச்சிகூட, போனை விடத் தங்கள் நோட்டு மேல் என்று.

மதில்மேல் கிடந்தது

முதல் வாரம் படுகைகளில் நாய், எலி, தவளை, டீக்கடைப் பூனை, மயில் என்று எல்லாம் நடந்தன, கோழி எதுவும் போகவில்லை. இடையில் பப்பாளி மரத்தடிப் படுகையில் வேறொன்று விழுந்தது. ஐந்து விரல். நாய்க்கும் பூனைக்கும் நாலு விரல்தான் பதியும். ஐந்து பதிந்தால் மரநாய் அல்லது கீரி. கீரி இரவில் வராது என்று ஏற்கெனவே அடித்தாயிற்று.

மறுநாள் ஒரு நாலாம் வகுப்புப் பெண் பாழடைந்த வீட்டு மதில்மேல் எச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். மதில், ஓடு, சாய்ந்த மரம் மாதிரி உயரமான இடத்தில் எச்சம் இடுவது மரநாயின் பழக்கம். சரி, உள்ளே கோழி இறகு இருக்கிறதா? அதைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் அவசரம். இந்த வேலையை விளையாட்டாகச் செய்யக்கூடாது. விலங்கு எச்சத்தில் புழு முட்டைகள் இருக்கலாம். கையுறை, முகத்தில் துணி, குச்சி, தனி டப்பா. எச்சத்தை எடுத்ததும் ஊறவைத்ததும் அலசியதும் நான் மட்டும். பிள்ளைகள் பார்த்தது வெயிலில் காய்ந்த விதைகளை, அதுவும் தாளில் ஒட்டிய பிறகு.

இந்த இடத்தில்தான் விலங்கு விசாரணை செடி விசாரணை ஆனது. காய்ந்தபின் கிடைத்தவை: கறுப்பாகச் சுருக்கம் விழுந்த சின்ன விதைகள், உருண்டையான கெட்டிக் கொட்டைகள், கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள், வண்டின் பளபளப்பான இறக்கை ஓடுகள். பப்பாளி விதையை எல்லோரும் உடனே சொன்னார்கள். கெட்டிக் கொட்டை இலந்தையா சூரையா என்று சண்டை. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் முள், இரண்டுமே அந்தப் பருவத்தில் கரையில் பழுத்துக் கிடந்தன. தீர்வு சுலபம், சுவையும்கூட. இரண்டையும் பறித்துத் தின்று, கொட்டையைக் காயவைத்துத் தீப்பெட்டியில் பெயர் எழுதி வைத்தார்கள். இலந்தைக் கொட்டை பெரியது, சூரைக் கொட்டை நன்றாகச் சிறியது. மதில்மேல் கிடைத்தது இலந்தை. சூரைக்குக் கொக்கிபோல் வளைந்த முள் உண்டு, புதருக்குள் போனால் சட்டையை விடாது என்பதையும் அன்றுதான் படித்தார்கள், ஒரு சட்டை கிழிந்து. மஞ்சள் மணிகள் அத்தி வகையில் ஏதோ ஒன்று. ஊரில் ஆலும் அரசும் அத்தியும் இருப்பதால் எது என்று எழுதவில்லை, 'அத்தி இனம்' என்று மட்டும் எழுதினார்கள். அந்த அளவு போதும் என்று விடப் பழகுவதும் இந்த வேலையில் வேண்டும்.

தீப்பெட்டி விதைச் சேமிப்பு பிறகு தானாகவே வளர்ந்தது. வேம்பு, நுணா, கொடுக்காப்புளி, சீமைக்கருவேலம், புங்கம், ஆமணக்கு என்று அலமாரியில் ஒரு தட்டே போய்விட்டது.

மரநாய் கோழியைத் தொடவே தொடாது என்று சொல்ல முடியாது, வாய்ப்புக் கிடைத்தால் பிடிக்கும். ஆனால் நாங்கள் அலசிய எச்சங்களில் இறகு ஒன்றும் இல்லை, கோழி அடையும் படுகைகளில் ஐந்து விரலும் இல்லை. நோட்டில் 'பப்பாளித் திருட்டு: ஆம். கோழி: சாட்சி இல்லை' என்று பதிவானது.

நரியைப் பற்றி

கண்மாய்க்கரையில் நகம் பதிந்த நாலு விரல் சுவடுகள் கிடைத்தன. நரியா நாயா? நரியின் சுவடு குறுகலாக, முன் இரண்டு நகங்களும் நெருங்கியதாக இருக்கும் என்பார்கள், ஆனால் தெருநாய்களிலும் ஒல்லிக்கால் உண்டு. அச்சை மட்டும் வைத்து அடித்துச் சொல்லப் பிள்ளைகள் துணியவில்லை, நானும் தூண்டவில்லை. கரையின் நடைபாதை நடுவில் கிடந்த எச்சத்தில் எலி மயிர், வயல் நண்டு ஓடு, இலந்தைக் கொட்டை. பொழுது சாயும் நேரத்தில் மலைப்பக்கமிருந்து ஊளை கேட்பது உண்டு. ஆக, நரி இருக்கிறது. கண்மாய்வரை வருகிறது. வீட்டுப் பக்கம் வந்ததற்கு ஓர் அச்சுகூட இல்லை.

கரும்புக்கொல்லை

பிறகு ஒரு நாள் இரண்டும் ஒன்றாக நடந்தன. ஊரின் கிழக்கு ஓரத்து வீட்டில் ஒரு விடைக்கோழி போனது, அங்கிருந்த படுகையில் நகமில்லாத வட்டச் சுவடு விழுந்தது. எல்லோரும் டீக்கடைப் பூனை என்றார்கள். ஸ்கேல் வைத்தவள் பேத்தி. டீக்கடைப் பூனையின் சுவடு மூன்று சென்டிமீட்டர் அளவில் இருந்தது. இது ஐந்தை நெருங்கியது.

சுவடு போன திக்கில் போனால், பொங்கலுக்கு வெட்டிய செங்கரும்புக்கொல்லை. மேலூர்ப் பக்கத்தில் பொங்கலுக்குச் சில நாள் முன்பு கரும்பை வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். பத்து மாதம் வளர்ந்து ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்ற இடம் ஒரே வாரத்தில் மொட்டையாகிவிடும், ஓரத்தில் சோகை, அதாவது காய்ந்த கரும்புத் தோகை, மட்டும் குவிந்து கிடக்கும். அந்தச் சோகைக் குவியலை ஒட்டி இறகுகள் கிடந்தன. சோகைக்குள் யாரும் கைவிடக்கூடாது, கண்ணாடிவிரியன் படுத்திருக்கலாம் என்பது முன்பே போட்ட விதி. கம்பால் விலக்கி, வெளியே கிடந்ததை மட்டும் எடுத்தோம்.

இறகு பேசும். வல்லூறு, ஆந்தை போன்றவை இறகை அலகால் பற்றி முழுசாகப் பிடுங்கும், காம்பு முனைவரை இருக்கும். பாலூட்டி பல்லால் கடித்துக் கத்தரிக்கும், காம்பு பாதியில் அறுந்து, எச்சிலில் பிசுபிசுத்து ஒட்டியிருக்கும். இங்கே கிடைத்தவை எல்லாம் அறுந்த காம்பு.

நாள்காட்டியை எடுத்துப் பார்த்தவன் எட்டாம் வகுப்புப் பையன். வீடு வீடாகப் போய்க் கேட்டு, எந்தத் தேதியில் எந்த வீட்டில் கோழி போனது என்று குறித்திருந்தான். அத்தனையும் கரும்பு வெட்டிய பிறகு. அத்தனை வீடும் கிழக்கு ஓரம். போன வருஷம் எப்படி என்று கேட்டபோது, அந்தக் கொல்லையில் அப்போது நெல் என்றார்கள்.

காட்டுப்பூனை பெயருக்குத்தான் காட்டில் இருப்பது. அது அதிகம் விரும்புவது நாணல், உயரமான புல், கரும்பு, கண்மாய் ஓரப் புதர். முக்கிய உணவு எலி. ராஜஸ்தானின் சரிஸ்காவில் செய்த ஆய்வொன்று, ஒரு காட்டுப்பூனை நாளைக்கு மூன்று முதல் ஐந்து எலிவரை தின்னும் என்று கணக்கிட்டது. கரும்புக்கொல்லையில் எலிக்குப் பஞ்சமில்லை, மறைவுக்கும் குறைவில்லை. கரும்பு போனதும் இரண்டும் ஒன்றாகப் போயின. பக்கத்தில் முருங்கை மரத்துத் தாழ்ந்த கிளையிலும் விறகுக் குவியல் மேலும் கோழிகள் அடைந்திருந்தன.

சாட்சியை விசாரித்தல்

இரவு மோட்டார் போடப் போகும் ஓர் அப்பா, டார்ச் வெளிச்சத்தில் "பெரிய பூனை" ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். பிள்ளைகள் விட்டால் "காது முனையில் முடி இருந்ததா, வால் குட்டையா?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்டுவிடுவார்கள். அதனால் கேள்விகளை முதல் நாளே எழுதித் திருத்தினோம். "வால் எப்படி இருந்தது?", "உடம்பில் கோடு, புள்ளி ஏதாவது?", "கால் எப்படி?" என்று திறந்த கேள்விகளாக. அவர் சொன்னது: மண் நிறம், உடம்பில் கோடு இல்லை, கால் நெட்டை, வால் "அரைகுறையா" இருந்தது, நுனியில் கறுப்பு வளையம். காதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்று சொன்னதால்தான் மற்றதை நம்பினேன்.

நெட்டைக்கால், கோடில்லாத உடம்பு, பின்னங்கால் முட்டிவரை மட்டுமே தொங்கும் வால், நுனியில் வளையம் எல்லாம் காட்டுப்பூனைக்குப் பொருந்தும். தடித்த கடுவன் பூனையாக இருக்க வாய்ப்பே இல்லையா என்று கேட்டால், சுவட்டின் அளவும் வாலும் சேர்ந்து அந்த வாய்ப்பைக் குறைக்கின்றன, முற்றாக நீக்கவில்லை. பிள்ளைகள் நோட்டில் 'காட்டுப்பூனை, பெரும்பாலும்' என்று எழுதினார்கள்.

இடத்தை எங்கும் பொதுவில் போடவில்லை. இதில் நான் கறார். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. அங்கே எறும்புத்தின்னி, தேவாங்கு எல்லாம் இருப்பதாகப் பெருமையாகப் பேசுகிறோம், ஆனால் எந்தப் பொந்து என்று பேசினால் வேட்டைக்காரனுக்கு வழி சொன்ன கதைதான்.

அப்பத்தா வீட்டில்

சிவராத்திரிக்கு முன்பே பிள்ளைகள் வரைபடம், இறகு, நாள்காட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அப்பத்தா வீட்டுத் திண்ணைக்குப் போனார்கள். நான் ஓரமாக நின்றேன். பேத்தி சுவடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அப்பத்தா கேட்டது ஒரே கேள்வி: "பூனைன்னா மருந்து வச்சா சாகாதா?" நாள்காட்டி குறித்த பையன்தான் பதில் சொன்னான், அது செத்தால் எலி பெருகும், அடுத்த போகத்தில் வயலுக்கு யார் காவல் என்று. அவர் அதற்கு மசிந்ததாகத் தெரியவில்லை. மருந்தைத் தின்னக்கூடிய முதல் ஆள் தன் வீட்டு நாய்தான், படுகையில் அதன் சுவடுதான் கண்மாய்க்கரைவரை அதிகம் விழுந்திருக்கிறது என்று படத்தைக் காட்டியதும்தான் யோசித்தார். கண்மாயில் ஆடு தண்ணீர் குடிக்கும் இடமும் அதுவே.

முடிவில் செய்தது ரொம்பச் சாதாரணம். கோழியை மூடப் பகலில் மட்டும் பயன்பட்ட பஞ்சாரக் கூடையை இரவிலும் கவிழ்த்து, மேலே உடைந்த அம்மிக்கல்லை ஏற்றினார்கள். கோழி அதிகமுள்ள வீடுகள் பழைய கதவுப் பலகையில் கூடு அடித்துக்கொண்டன. முருங்கைக் கிளையில் அடையப் பழகிய கோழிகளைப் பிடித்து அடைப்பது முதல் சில நாள் ஊரே வேடிக்கை பார்க்கும் வேலையாக இருந்தது. அதன்பின் அந்த வீடுகளில் இரவில் கோழி போகவில்லை. கருப்பசாமிக்கு வேறு சேவல் வாங்கினார்கள்.

தீராத ஒரு பதிவு

மேற்கு ஓரத்தில், மலைப்பாறைக்குக் கிட்ட இருக்கும் ஒரு வீட்டுக் கணக்கு மட்டும் ஒட்டவில்லை. அங்கே போன கோழி வேப்பமரத்தில் உயரமாக அடைந்தது. கீழே படுகையில் ஒரு சுவடும் இல்லை. மரத்தடியில் கிடந்த இறகுகள் முழுக்காம்போடு இருந்தன. காட்டுப்பூனை மேல் இதையும் போட்டுவிடலாம் என்று சிலர் சொன்னபோது, மூன்றும் பொருந்தவில்லையே என்று நாலாம் வகுப்புப் பெண் மறித்தாள். பாறைப் பக்கம் கொம்பன் ஆந்தை இருப்பது எல்லோருக்கும் தெரியும், இரவில் அதன் குரலும் கேட்கும். எலி, முயல், அடைந்து கிடக்கும் பறவை எல்லாம் அதன் உணவுதான்.

ஆந்தை செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பாறை அடியில் தேடியபோது அப்படிச் சில சாம்பல் உருண்டைகள் கிடைத்தன. பிரித்துப் பார்த்ததில் எலி மண்டையோடுகள், தாடைகள், ஓர் ஓணானின் எலும்பு. கோழி எலும்போ இறகோ இல்லை. நோட்டில் அந்த வரிக்கு நேராக 'கொம்பன் ஆந்தை?' என்று எழுதியிருக்கிறார்கள். கேள்விக்குறியைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே, மழைக்கு முன்பு இன்னும் உருண்டைகள் சேகரிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு.